999 ஆண்டுக் குத்தகையும் ஒரு நடைபாதையும்

ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் 2026 இறுதிக்குள் ஓடும் என்று நாள் குறித்திருக்கிறார்கள். அது ஓடத் தொடங்கிய ஆறு மாதத்துக்குள், இப்போது எல்லை தாண்டி உட்லண்ட்ஸ் போகும் தெப்ராவ் ரயிலை நிறுத்தவும் ஒப்பந்தம் இருக்கிறது. அதிலிருந்து வாசகர் கடிதங்களில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் நிலத்தை இனாமாகக் கொடுத்துவிட்டு, சிங்கப்பூர்க்காரர்கள் போட்ட பூங்காவில் நாம் போய் நடக்கிறோமா?

இனாம் இல்லை. பழைய ரயில் பாதையில் அமைந்த சிங்கப்பூரின் 24 கிலோமீட்டர் 'ரயில் காரிடார்' பசுமைத் திட்டமிடலின் சாதனையாகக் காட்டப்படுகிறது. அந்தப் பச்சையைக் காத்தது ஒரு குத்தகை நிபந்தனை. 1918 சட்டப்படி நிலம் 999 ஆண்டுக்கு மலாய் கூட்டு மாநில அரசுக்குப் போனது; ரயில் ஓட்ட மட்டுமே. 1965-க்குப் பிறகு நிலம் ஒரு நாட்டில், குத்தகைக்காரர் இன்னொரு நாட்டில். கேடிஎம் அங்கே அடுக்குமாடி எழுப்ப முடியாது. ரயில் ஓடும்வரை சிங்கப்பூர் கைவைக்க முடியாது. சுற்றிலும் நகரம் வளர, தண்டவாளத்தின் இருபுறமும் புதர் மண்டியது. இரு அரசுகளும் முட்டிக்கொண்டு நின்றதில் விளைந்த காடு அது.

1990-இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூவும் மலேசிய நிதியமைச்சர் டைம் சைனுடினும் ரயில் நிலம் பற்றிய உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். அதற்கு என்ன பொருள் என்று இருபது ஆண்டு தகராறு. 2010-இல் இரு நாட்டுப் பிரதமர்கள் நஜிப்பும் லீ சியன் லூங்கும் முடித்தார்கள்: தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ் மனைகளும் புக்கிட் தீமாவில் மூன்று துண்டுகளும் போய், மரினா சவுத்திலும் ஓஃபிர்-ரோச்சோரிலும் ஆறு மனைகள் வந்தன. 'கூட்டு மேம்பாடு' என்றார்கள். நம் ஊர்க் கணக்கில் மனை மாற்று. அதற்கான கூட்டு நிறுவனத்தில் மலேசிய அரசின் கசானாவுக்கு 60, சிங்கப்பூர் அரசின் தெமாசெக்குக்கு 40 விழுக்காடு பங்கு. மரினா ஒன், டுவோ கோபுரங்கள் அப்படி எழுந்தவை.

இதில் எனக்கு உறுத்துவது மேம்பாட்டுக் கட்டணம். ரயில் நிலம் கட்டட நிலமானால் மதிப்பு ஏறும். ஏறியதில் அரசு பங்கு கேட்கும். சரி. ஆனால் தஞ்சோங் பகார், கிராஞ்சி, உட்லண்ட்ஸ் மனைகளில் அந்தக் கூட்டு நிறுவனம் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை; அவைதான் கைமாறிவிட்டனவே! கட்டியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, சிங்கப்பூர் தரப்பு சொன்ன தொகை 147 கோடி வெள்ளி, அதுவும் சிங்கப்பூர் வெள்ளி. தகராறு நடுவர் மன்றத்துக்குப் போனது. 2014-இல் லார்ட் பிலிப்ஸ் தலைமையிலான மூவர், கட்ட வேண்டியதில்லை என்று தீர்த்தார்கள். கோபுரங்களைப் பற்றிப் பேசும் எவரும் இதைச் சொல்வதில்லை.

மற்ற கேள்விகள்:

தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி ரயிலை ஓட்டியது யார்? 2011 ஜூன் 30 இரவு, நம் சுல்தான் இப்ராஹிம்; 1924-இல் ஜோகூர் பாலத் திறப்பு விழா கண்டவர் அவருடைய கொள்ளுத்தாத்தா.

தண்டவாளங்கள்? பெரும்பாலானவற்றைப் பெயர்த்து மலேசியாவுக்கே கொண்டுவந்தார்கள்.

பூங்காவுக்குக் கட்டணம்? இல்லை. கடவுச்சீட்டை மட்டும் மறக்காதீர்கள்.

தெப்ராவ் நின்றால் ஜோகூர் பாருவின் ஜேபி சென்ட்ரல் மூடப்படுமா? இல்லை, வடக்கே போகும் ரயில்களுக்கு அதுதான் நிலையம்.

சிங்கப்பூர் குயின்ஸ்டவுன் முனீஸ்வரன் கோயிலுக்கும் ரயிலுக்கும் என்ன தொடர்பு? 1930-களில் ரயில்வேயில் வேலை பார்த்த நம்மவர்கள் தண்டவாள ஓரத்தில் வைத்துக் கும்பிட்ட சாமி. 1998 முதல் காமன்வெல்த் டிரைவில்.