கடிதப் பெட்டியின் சாவி யாரிடம்?

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது முதுமொழி. ஆறில்லாத யாழ்ப்பாணத்திலும் அது வழங்குகின்றது. மேகத்திலே பொருளைப் போட்டுவைக்கும் இக்காலத்தில் அதனை நாம் மறத்தலாகாது.

உரும்பிராயிலே கணினி திருத்தும் நிலையமொன்றைத் தொடங்கவிருக்கும் எம் பழைய மாணவர் இருவர் அண்மையில் எம்மை நாடி வந்தனர். "சேர், கடைக்கு மின்னஞ்சலும் எழுத்து, கணக்கு வேலைக்குரிய மென்பொருளும் எடுக்க வேணும். கூகுளா, மைக்ரோசொப்டா, சோஹோவா, எது நல்லது?" என்று வினவினர். வினா சிறிது, விடையோ சிறிதன்று.

மேகம் என்பது வேறொன்றுமன்று. நம் கடிதங்களையும் கணக்கேடுகளையும் தொலைவிலுள்ள நிறுவனமொன்றின் கணினிகளிலே வைத்து, இணையவழியாக எடுத்தாளுதலே அதுவாகும். அதற்குத் தலைக்கு இவ்வளவு என்று வாடகை செலுத்துகின்றோம். ஆகவே, வாடகை வீடு தேடுவோன் பார்க்கும் யாவற்றையும் இங்கும் பார்த்தல் வேண்டும்.

முதலிற் காணி. கடைக்கென ஓர் இணையப் பெயரைப் பதிவு செய்தல் காணி வாங்குதலை ஒக்கும். மின்னஞ்சற் சேவை அக்காணியில் எழும் வாடகை வீடு. அப்பெயருக்கு வரும் கடிதங்களை எக்கணினி ஏற்கவேண்டும் என்பதை அப்பெயரின் பதிவேடே சொல்லும். அக்குறிப்பை மாற்றினால், முகவரி மாறாமலே புதிய வீட்டுக்குக் கடிதம் வந்து சேரும். ஆனால் உறுதி நம் பெயரில் இருத்தல் வேண்டும். உதவி செய்தவர் தம் பெயரிலே பதிந்துவிட்டால், நாம் என்றும் குடியிருப்பாளரே.

அடுத்தது வாடகை. 2006இல் கூகுள் நிறுவனம் சொந்தப் பெயருடையோர்க்கு இச்சேவையை இலவசமாக வழங்கியது. 2012 டிசெம்பரிற் புதியவர்களுக்கு அக்கதவு அடைபட்டது. 2022இலே, பழையவர்களும் பணம் செலுத்தவேண்டும் என்று அறிவித்து, வணிகமல்லாத சொந்தப் பாவனைக்கு மட்டும் பின்னர் விலக்களித்தது. இலவசம் என்பது உரிமையன்று. மேலும், விலை டொலரில் இருப்பின், 2022இல் நாம் பட்டதை மறத்தலாகாது. மார்ச்சுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்கு ஏறிற்று. வாடகை கூடாமலே வாடகை கூடிய விந்தை அது!

மூன்றாவது தொழில். சோஹோ, ஸ்ரீதர் வேம்பு முதலானோர் 1996இல் வேறு பெயரில் தொடங்கிய நிறுவனம். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலும் அதற்குப் பணிமனை உண்டு. கேட்க மகிழ்ச்சியே. எனினும், தமிழர் செய்தது என்பதற்காக மட்டும் கொள்ளுதல் வணிகமாகாது. வாடிக்கையாளர் கொண்டுவரும் கோப்புகள் எவ்வகையின? பெரும்பாலும் வேட், எக்செல். இன்னும் பல கந்தோர்களில் பாமினி எழுத்துருவிலேயே தமிழ் தட்டப்படுகின்றது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அத்தமிழ் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும்; தமிழ்ச் சொல்லைத் தட்டித் தேடினும் அகப்படாது. எந்நிறுவனத்தைத் தெரிந்தாலும் யுனிகோட்டுக்கு மாற்றிய பின்னரே அவற்றை மேகத்தில் ஏற்றுதல் நன்று. மின்சாரமும் இணையமும் தடைப்படும்போதும் வேலை நடக்குமா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

இவை யாவற்றினும் பெரிது பிரதி. 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்க மேகத்தைக் கப்பங்கேட்கும் தீநிரல் தாக்கிற்று. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் அழிந்தன; ஏறத்தாழ 5,000 முகவரிகள் பாதிப்புற்றன. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. அக்காலத்துக்கு வேறிடத்திலே பிரதி இருக்கவில்லை. மென்பொருளும் 2013ஆம் ஆண்டின் பதிப்பாயிருந்தது. அரசுக்கே இக்கதியெனின், சந்திக் கடைக்கு என்ன காவல்?

மாணவர்க்கு நாம் வற்புறுத்தியது இதனையே. கணினி திருத்துவோன் தன் பெட்டிக்கு மட்டும் காவலன் அல்லன். வாடிக்கையாளரின் கணக்குகளை மீட்கும் கடிதங்கள் பலவும் அவன் பெட்டிக்கே வரும். அது கள்வர் கைப்படின் ஊரார் சாவிக்கொத்தே கைமாறிவிடும். ஆகையாற் கடவுச்சொல்லோடு இரண்டாம் பூட்டும் வேண்டும்.

இருவரும் ஆராய்ந்து முடிவு செய்தனர். இணையப் பெயரைத் தாமே பதிந்தனர். மின்னஞ்சலுக்குச் சோஹோவை ஒரு மாதம் சோதித்துப் பார்ப்பர்; வாடிக்கையாளரின் கோப்புகளுக்காக ஒரு கணினியில் மைக்ரோசொப்ட் மென்பொருளும் இருக்கும். மாத இறுதி ஞாயிறுதோறும் கடிதங்கள் அனைத்தையும் வன்தட்டிலே பிரதி செய்து, அதனைக் கடையில் அன்றி வீட்டில் வைப்பர்.

"சோஹோ சரிவராவிட்டால், சேர்?" என்றான் இளையவன்.

"வீட்டை மாற்றுங்கள், காணி உங்களுடையதுதானே" என்றோம்.