கும்பளங்கியில் கேட்கிறார்கள்; நம்மிடம் யார் கேட்பது?

தோப்பும்படியிலிருந்து பஸ் பிடித்து, பள்ளுருத்தி, பெரும்படப்பு தாண்டிப் பாலம் ஏறி இறங்கினால் கும்பளங்கி. சுற்றிலும் காயல். கரையோரம் சீன வலைகள். உள்ளே பொக்காளி வயல்கள். மட்டாஞ்சேரிக் கடைகளில் கணக்கு எழுதும் நம்மவர்களுக்கும், கட்டட வேலைக்குப் போகும் நம்மவர்களுக்கும் இது தெரியாத ஊர் அல்ல. 2019-ல் இந்த ஊரின் பெயரோடு ஒரு மலையாளப் படம் வந்த பிறகு, இது வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த பெயராகிவிட்டது.

ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது வலையும் வயலும் மட்டும் அல்ல. அரசாங்கப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்று ஊர் ஜனங்களையே உட்கார வைத்துக் கேட்கும் ஒரு முறை, கால் நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே நடந்து வருகிறது. இது கும்பளங்கிக்கு மட்டும் உரியதல்ல. கேரளத்தின் எல்லாப் பஞ்சாயத்துகளிலும் உண்டு. ஒரு சின்ன ஊரை எடுத்துக்கொண்டு பார்த்தால் அதன் நல்லதும் கெட்டதும் தெளிவாகத் தெரியும் என்பதால் கும்பளங்கியை எடுத்துக்கொண்டோம்.

பொருளாதாரச் சீர்திருத்தம் என்றதும் நம் நினைவுக்கு வருவது 1991. அந்த ஆண்டு ஜூலை முதல் வாரத்தில் ரூபாயின் மதிப்பு இரண்டு தடவை குறைக்கப்பட்டது. அதே மாதம் 24-ந் தேதி புதிய தொழில் கொள்கையும் வந்தது, பட்ஜெட்டும் வந்தது. ஒரு மாதத்துக்குள் நாட்டின் போக்கே மாறிவிட்டது. அன்னியச் செலாவணி கையிருப்பு சில வார இறக்குமதிக்குத்தான் காணும் என்ற நிலையில், ஊரைக் கூட்டி யோசனை கேட்க நேரம் இல்லை என்பது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் நெருக்கடி தீர்ந்த பிறகாவது கேட்டார்களா என்றால், அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை.

வெளிநாடுகளிலும் இதே கதைதான். 1999-ல் உலக வங்கியும் சர்வதேச நிதி நிறுவனமும் ஒரு நிபந்தனை போட்டன. கடன் தள்ளுபடி வேண்டும் ஏழை நாடுகள், தங்கள் மக்களைக் கலந்து பேசி வறுமை ஒழிப்புத் திட்டம் எழுதித் தர வேண்டும் என்றன. பேச்சு அழகாகத்தான் இருந்தது. பல நாடுகளில் நடந்தது என்னவோ தலைநகரத்தில் கூட்டம், தொண்டு நிறுவனத்தார் சிலர், ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ ஒரு அறிக்கை. வரி, நாணய மதிப்பு, பொதுத்துறையை விற்பது போன்ற பெரிய விஷயங்கள் பெரும்பாலும் மேஜைக்கே வரவில்லை என்று அப்போதே குறை சொன்னார்கள். இதற்குப் பத்து ஆண்டு முன்பே, 1989-ல், பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரி நகரசபை வேறு மாதிரி செய்து காட்டியது. வட்டாரம் வட்டாரமாகக் கூட்டம் போட்டு, எந்தத் தெருவுக்கு முதலில் சாக்கடை, எந்தத் தெருவுக்கு ரோடு என்று குடியிருப்பவர்களையே வரிசைப்படுத்தச் சொன்னது. வித்தியாசம் எங்கே என்றால், அங்கே பணமும் கூடவே மேஜைக்கு வந்தது.

சாப்பா எறிந்த காலம்

கேட்காமல் நடத்தினால் என்ன ஆகும் என்பதைக் கொச்சிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மட்டாஞ்சேரியில் பெரியவர்கள் இன்னும் சாப்பா என்ற வார்த்தையைச் சொல்வார்கள். துறைமுகத்தில் காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, கூடி நிற்கும் கூட்டத்துக்கு நடுவே கங்காணி உலோக வில்லைகளை வீசி எறிவான். பாய்ந்து பிடித்தவனுக்கு அன்றைக்கு வேலை. பிடிக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. இதை எதிர்த்து நடந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15-ந் தேதி மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சைது, சைதலவி இருவரும் குண்டுக்குப் பலியானார்கள். ஆன்டணி என்ற தொழிலாளி போலீஸ் அடியால் இறந்தார்.

துறைமுகத் தொழிலாளருக்கென 1948-லேயே மத்திய அரசின் சட்டம் இருந்தது. அரசாங்கம், முதலாளிகள், தொழிலாளர் ஆகிய மூன்று தரப்பும் ஒரே மேஜையில் உட்கார்ந்து முடிவு செய்யும் வாரியம் வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. கொச்சிக்கான திட்டம் வந்தது 1959-ல். சாப்பா முறை ஒழிந்தது 1962-ல். சட்டத்துக்கும் மேஜைக்கும் இடையே பதினோரு ஆண்டு, மேஜைக்கும் பலனுக்கும் இடையே இன்னும் மூன்று. ஆனாலும் வில்லை பொறுக்கிய ஆளுக்குப் பட்டியலில் பெயரும், முறை வைத்து வேலையும் கிடைத்தது என்பது சாதாரண மாறுதல் அல்ல.

1996-ல் நடந்தது என்ன?

1996-ல் இ.கே. நாயனார் முதல் மந்திரியாக இருந்தபோது, ஆகஸ்டு 17-ந் தேதி, அதாவது மலையாள ஆண்டின் முதல் நாளான சிங்கம் ஒன்றாம் தேதி, மக்கள் திட்டம் என்ற இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்டக் குழுவின் துணைத் தலைவர் ஐ.எஸ். குலாட்டி. அதன் உறுப்பினராக இருந்து ஓடியாடியவர்களில் முக்கியமானவர், பின்னாளில் நிதி மந்திரியான தாமஸ் ஐசக். ஒன்பதாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் மாநிலத்தின் திட்டச் செலவில் 35 முதல் 40 சதவிகிதம் வரை உள்ளாட்சிகளுக்கு என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டார்கள். எந்தப் பஞ்சாயத்துக்கு எவ்வளவு என்பது பட்ஜெட்டோடு தனி இணைப்பாக அச்சாகிவிடும். பிறகு எந்த மந்திரியின் வாசலிலும் போய் நிற்க வேண்டாம்.

பணத்தை முதலில் சொல்லிவிட்டுப் பிறகு யோசனை கேட்டது என்ற இந்த ஒரு காரியத்தில்தான் இருக்கிறது சூட்சுமம். இவ்வளவு ரூபாய் இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள் என்றால் ஜனங்கள் கணக்குப் பார்த்துப் பேசுவார்கள். ரூபாயைச் சொல்லாமல் என்ன வேண்டும் என்று மட்டும் கேட்டால் ஆஸ்பத்திரி, காலேஜ், மேம்பாலம் என்று பட்டியல் நீளும், ஒன்றும் வராது.

முறை இப்படி. கேரளத்தில் பஞ்சாயத்தின் ஒவ்வொரு வார்டுக்கும் தனிக் கிராம சபை. அந்த வார்டின் வாக்காளர் எல்லாரும் அதன் உறுப்பினர். பத்தில் ஒரு பங்கு பேராவது வர வேண்டும். கூட்டத்தில் ஒருவர் மைக் பிடித்துப் பேச மற்றவர்கள் கைதட்டுவதல்ல. விவசாயம், குடிநீர், கல்வி, பெண்கள் நலன் என்று குழுக் குழுவாகப் பிரிந்து உட்கார்ந்து பேசுவார்கள். அதிலிருந்து ஒரு வளர்ச்சி அறிக்கை. அதை வைத்து ஒரு நாள் கருத்தரங்கு. பிறகு துறைவாரிச் செயற்குழுக்கள் திட்டம் எழுதும். ஓய்வு பெற்ற என்ஜினீயர்களும் அதிகாரிகளும் சம்பளம் இல்லாமல் வந்து எஸ்டிமேட்டைச் சரி பார்த்தார்கள். பத்து சதவிகிதம் பெண்களுக்கான திட்டங்களுக்கு என்று ஒதுக்க வேண்டும். வார்டு உறுப்பினர் தொடர்ந்து இரண்டு தடவை கிராம சபையைக் கூட்டத் தவறினால் அவருடைய பதவியே போய்விடும்! நம் ஊர்ப் பக்கம் இந்த ஒரு ஷரத்து இருந்தால் எத்தனை நாற்காலி காலியாகும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நெல்லா, இறாலா?

கும்பளங்கிக்கு வருவோம். இங்கே உள்ள பெரிய பொருளாதாரக் கேள்வி பொக்காளி வயல். ஜூனில் மழை விழுந்து காயல் தண்ணீரின் உப்புக் குறைந்ததும் நெல். உப்பைத் தாங்கி ஆளுயரம் வளரும் நெல் அது. அக்டோபர் வாக்கில் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு தாளைத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். தாள் அழுகி இறாலுக்குத் தீனி. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அதே வயலில் இறால். உரம் இல்லை, மருந்து இல்லை. 2008-ல் இந்த அரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நெல்லில் லாபம் இல்லை. சேற்றில் இடுப்பளவு நின்று அறுக்க ஆள் கிடைப்பதில்லை. இறாலில் காசு. ஆகவே, வருஷம் பூராவும் உப்புத் தண்ணீரைத் தேக்கி இறாலே வளர்த்தால் என்ன என்று நிலக்காரருக்கும் குத்தகைக்காரருக்கும் தோன்றுகிறது. ஒரு நெல், ஒரு மீன் என்பது அரசாங்கத்தின் கொள்கை. கொள்கை காகிதத்தில் இருக்கிறது. மதகின் பலகையைத் தூக்குவது யார் கை என்பதுதான் கேள்வி.

நிலக்காரரை மட்டும் கேட்டால் பதில் இறால். அறுவடைக்குப் போகும் பெண்ணைக் கேட்டால் பதில் வேறு. நெல் போனால் அவளுக்கு வேலை போகிறது. வயலை ஒட்டிக் குடியிருப்பவரைக் கேட்டால் அதுவும் வேறு. ஆண்டு முழுதும் உப்புத் தண்ணீர் தேங்கினால் வீட்டுச் சுவர் அரிக்கிறது, கிணறு கெடுகிறது. சந்தையில் இறாலுக்கு வரும் விலையில் இந்த நஷ்டம் ஏறுவதில்லை. ஏறாத கணக்கைச் சொல்ல ஒரு சபை வேண்டும். கேரளம் 2008-ல் இயற்றிய நெல்வயல், நீர்நிலைப் பாதுகாப்புச் சட்டம், பஞ்சாயத்துத் தலைவரின் கீழ் உள்ளூர்க் கண்காணிப்புக் குழு ஒன்றை வைத்திருக்கிறது. அதில் விவசாய அதிகாரி, கிராம அதிகாரியோடு விவசாயிகளின் பிரதிநிதிகளும் உண்டு. கூலிக்கு அறுப்பவருக்கு அதில் நாற்காலி இல்லை. அவர் பேச வேண்டிய இடம் கிராம சபைதான்.

சுற்றுலா விஷயமும் இப்படியே. 2003-ல் கும்பளங்கியை மாதிரிச் சுற்றுலா கிராமமாக்கும் திட்டம் வந்தது. அப்போது சுற்றுலா மந்திரியாக இருந்த கே.வி. தாமஸ் இந்த ஊர்க்காரர். பெரிய ஓட்டல் கட்டுவதற்குப் பதில், வீட்டு அறையை விருந்தாளிக்கு விடுவது, வலை இறக்கிக் காட்டுவது, கயிறு திரிப்பதைக் காட்டுவது என்று ஊரே கடை விரித்தது. மந்திரி ஊர்க்காரராக இருந்தது அதிர்ஷ்டம். எல்லா ஊருக்கும் மந்திரி கிடைக்கமாட்டார்.

2022 ஜனவரியில் இன்னொரு செய்தி. மாதவிலக்கு நாட்களில் நாப்கினுக்குப் பதிலாகத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கோப்பையை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கொடுத்து, நாட்டிலேயே நாப்கின் இல்லாத முதல் பஞ்சாயத்து என்று கும்பளங்கி அறிவிக்கப்பட்டது. பேசவே கூச்சப்படும் விஷயம் இது. கொடுப்பதற்கு முன் பயிற்சி வகுப்புகள் நடத்திப் பேசியிருக்கிறார்கள். பேசாமல் விநியோகித்திருந்தால் அத்தனையும் பீரோவில்தான் கிடந்திருக்கும்.

குறைகளும் உண்டு

எல்லாம் பொன்னாக இருக்கிறது என்று எழுதினால் கேரள நண்பர்களே சிரிப்பார்கள். முதல் சில ஆண்டு வேகம் நிற்கவில்லை. மாதச் சம்பளக்காரர்கள் கிராம சபைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஆடு, கோழி, வீடு கட்ட மானியம் என்று பயனாளிப் பட்டியல் போடும் நாளில் கூட்டம் சேரும். மற்ற நாளில் நாற்காலி காலி. குடும்பஸ்ரீ பெண்கள் வருவதால்தான் பல இடங்களில் எண்ணிக்கை தேறுகிறது. 2001-ல் ஆட்சி மாறியதும் இயக்கத்தின் பெயரும் மாறியது. ஆனால் ஒதுக்கீட்டையும் கிராம சபையையும் யாரும் எடுத்துவிடவில்லை. கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கும் துணிச்சல் எந்தக் கட்சிக்கும் வரவில்லை என்பதே நம் கணிப்பு.

இங்கும் இல்லை, அங்கும் இல்லை

இனி நம் விஷயம். கிராம சபையின் உறுப்பினர் யார்? வார்டின் வாக்காளர். நம்மவர்களில் எத்தனை பேருக்கு இங்கே ஓட்டு? ரேஷன் கார்டு ராமநாதபுரத்தில், ஓட்டு தேனியில், வேலை கொச்சியில் என்று இருப்பவர்தான் அதிகம். பத்து வருஷம் ஒரே லைன் வீட்டில் வாடகை கொடுத்துக் குடியிருந்தாலும், அந்தத் தெருவுக்குக் குழாய் வேண்டுமா, விளக்கு வேண்டுமா என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் அவருக்குக் கை தூக்க உரிமை இல்லை.

சரி, சொந்த ஊரில்? தமிழ்நாட்டில் குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று கிராம சபைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். 2022 முதல் மார்ச் 22-ம், நவம்பர் 1-ம் சேர்ந்தன. பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் லீவு கேட்டு வாங்குவதே பெரும்பாடு. கிராம சபைக்கு என்று எந்த முதலாளியிடம் கேட்பது? ஆகவே இரண்டு ஊருக்கும் உழைப்பு உண்டு, இரண்டு ஊரிலும் குரல் இல்லை.

இதற்கு வழிகள் இரண்டு. நிரந்தரமாக இங்கேயே இருந்துவிட்டவர்கள், பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தவர்கள், ஓட்டை இங்கே மாற்றிக்கொள்ளலாம். இரண்டு இடத்தில் பெயர் இருக்கக் கூடாது. ஊரில் நீக்கித்தான் இங்கே சேர்க்க முடியும். சட்டசபைப் பட்டியல் வேறு, பஞ்சாயத்துப் பட்டியல் வேறு என்பதையும் கவனிக்க வேண்டும். பஞ்சாயத்துப் பட்டியலைத் தயாரிப்பது மாநிலத் தேர்தல் கமிஷன். ஒன்றில் சேர்ந்துவிட்டு மற்றதை மறந்துவிடக் கூடாது.

ஊர் ஓட்டை விட மனம் இல்லாதவர்களுக்கு ஓட்டே தேவைப்படாத மேஜை ஒன்று இருக்கிறது: குறைந்தபட்சக் கூலி. கூலியை நிர்ணயிக்க 1948-ம் ஆண்டுச் சட்டம் இரண்டு வழி வைத்திருந்தது. ஒன்று, முதலாளிகளும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் அமர்ந்த குழு போட்டு விசாரிப்பது. மற்றது, உத்தேசக் கூலியை அரசிதழில் வெளியிட்டு, இரண்டு மாதமாவது அவகாசம் கொடுத்து ஆட்சேபணை கேட்பது. 2019-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பும் இந்த ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறது. பழைய சட்டத்தின் கீழ், கடைச் சிப்பந்தி, கட்டடத் தொழிலாளி, ஓட்டல் ஊழியர் என்று ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனி அறிவிப்பு வந்தது. ஆட்சேபணை எழுத எந்த மாநிலத்து ஓட்டர் என்று கேட்பதில்லை. அறிவிப்பு வெளிவருவதைத் தொழிற்சங்க அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தேதியைக் குறித்து வைத்துக்கொண்டு, கெடு முடிவதற்குள் அனுப்ப வேண்டும்.