ஜாமீன் கிடைத்தது, ஜெயில் கதவு திறக்கவில்லை!

கோர்ட்டு ஜாமீன் கொடுத்துவிட்டது. ஆனாலும் ஆள் வீடு வந்து சேரவில்லை. காரணம்? ஜாமீன் நிற்க ஆள் இல்லை!

"தலா ரூ.10 ஆயிரத்துக்கு இரு நபர் ஜாமீன்" என்று உத்தரவில் ஒரு வரி இருக்கும். படிக்கச் சின்ன வரிதான். ஆனால் ஜாமீன் நிற்பவர் வீட்டு வரி ரசீது, பத்திரம், சம்பளச் சான்று என்று ஏதாவது காட்டவேண்டும். ஆள் ஓடிவிட்டால் பணத்துக்கு அவர்தான் பொறுப்பு. பிளாட்பாரத்தில் படுப்பவனுக்கு யார் பத்திரத்தை நீட்டுவார்கள்? "நல்ல பையன்தான் சார். ஆனா எங்கிட்ட சொத்து ஏது?" என்று கூட வேலை செய்பவர்களே ஒதுங்கிவிடுவார்கள்.

கொத்தனாருக்கு ரூ.10 ஆயிரம்!

மத்தியப்பிரதேசத்தில் ஒரு ஏழைக் கொத்தனாருக்கு இதுதான் நேர்ந்தது. சுப்ரீம் கோர்ட்டே அவரை ஜாமீனில் விடச் சொல்லியது. தொகையை மாஜிஸ்திரேட்டு முடிவு செய்யலாம் என்றது. அவர் கேட்டது ரூ.10 ஆயிரம்! சகோதரர் ஜாமீன் நிற்க வந்தார். அவரையும் ஏற்கவில்லை. அவருடைய சொத்து வேறு ஜில்லாவில் இருக்கிறதாம்!

கொத்தனார் மறுபடியும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1978-ல் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் ஒரு பிடி பிடித்தார். பஸ்தரிலோ, டெல்லி சாந்தினி சவுக்கிலோ ஒரு தமிழரோ மலையாளியோ கைதானால் உள்ளூர் ஜாமீனுக்கு எங்கே போவார் என்று கேட்டார். ஆயிரம் ரூபாய் சொந்த ஜாமீனில் கொத்தனாரை விட உத்தரவிட்டார். சொந்த ஜாமீனுக்கு வேறு ஆள் வேண்டாம். "வாய்தாவுக்கு வருவேன், தவறினால் பணம் கட்டுகிறேன்" என்று தானே எழுதிக் கொடுத்தால் போதும்.

ஒரு வாரக் கெடு

ஜாமீனில் விடக்கூடிய சாதாரணக் குற்றங்களுக்கு 2005-ல் சட்டமே திருத்தப்பட்டது. ஒரு வாரத்துக்குள் ஆள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால், அவரை ஏழை என்றே கருதி சொந்த ஜாமீனில் விடவேண்டும். பெரிய வழக்குகளுக்கு இந்தச் சலுகை இல்லை.

2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு இன்னொரு உத்தரவு போட்டது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் கைதி வெளியே போகாவிட்டால், ஜெயில் சூப்பிரண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்கவேண்டும். ஒரு மாதமாகியும் முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி கோர்ட்டே தானாகப் பரிசீலிக்கலாம். உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்று கேட்பதைத் தவிர்க்கலாம் என்றும் அதில் சொல்லப்பட்டது. கிருஷ்ணய்யர் கேட்டு 45 வருஷம் கழித்து!

சூப்பிரண்டு சொல்லட்டும் என்று வீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த ஆணைக்குழுவில் அவர்களே மனு கொடுக்கலாம். காவலில் இருப்பவருக்கு வக்கீல் இலவசம்.