95 ஆண்டுகள் முன்னே தாவிய கடிகாரம்

பைன் ஏ64 என்ற சின்னக் கம்ப்யூட்டர் பலகையில் லினக்ஸ் போட்டு ஓட்டியவர்கள் சிலர் திகைத்துப்போனார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தேதி சட்டென்று 95 ஆண்டுகள் முன்னே போய்விடும். எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

துப்பு அந்த 95-லேயே இருந்தது. பலகையில் உள்ள ஆல்வின்னர் ஏ64 சிப்பின் கவுன்ட்டர் விநாடிக்கு 2.4 கோடி எண்ணும். லினக்ஸ் அதை 56 பிட் எண்ணாக எடுத்துக்கொள்கிறது. அத்தனை பிட்டும் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்ப ஏறக்குறைய 95 ஆண்டுகள் ஆகும். அப்படியானால் கவுன்ட்டர் முன்னே ஓடவில்லை. ஒரு கணம் இம்மியளவு பின்னே போயிருக்கிறது! முன்பு பார்த்ததைவிடச் சிறிய எண் வந்தால், ஒரு சுற்று முடிந்துவிட்டது என்றே லினக்ஸின் கெர்னல் கணக்குப் போடும்.

கவுன்ட்டர் ஏன் பின்னே போக வேண்டும்? டெவலப்பர் ஒருவர் நான்கு கோர்களிலும் சோதனை நிரலை 13.6 மணி நேரம் ஓடவிட்டுத் தாவல்களைப் பதிவு செய்தார். பழைய ஸ்கூட்டரின் மீட்டரில் 999 போய் 1000 வரும்போது எண்கள் பாதியில் தொங்குமே, அதே கதைதான். 2047-லிருந்து 2048-க்குப் போக 12 பிட்டுகள் ஒரே நேரத்தில் மாற வேண்டும். அந்த நொடிப்பொழுதில் படித்தால் 0 வரலாம், 4095-உம் வரலாம்.

இருமுறை படித்து ஒப்பிடும் வழக்கமான வைத்தியம் இங்கே பலிக்காது. கவுன்ட்டர் மாறுவதைவிட வேகமாகப் பிராசஸர் படித்துவிடுவதால், ஒரே தப்பான எண் இரண்டு முறையும் வரக்கூடும். அதனால் லினக்ஸின் டைமர் டிரைவரில் அவர் வேறு வழி எழுதினார்: கடைசி 10 பிட்டும் எல்லாம் 0 அல்லது எல்லாம் 1 என்றிருந்தால் நம்பாதே, மறுபடி படி. மறுபடி மறுபடி படிப்பதிலேயே சிக்கிவிடாமலிருக்க 150 முறை என்று வரம்பும் வைத்தார். 2019-இல் லினக்ஸ் 5.1-இல் அது சேர்ந்தது.

விற்றுப்போன சிப்பை யாராலும் திரும்ப வார்க்க முடியாது. லினக்ஸின் மூல நிரல் திறந்திருந்ததால்தான் அதைப் பயன்படுத்துகிறவரே அளந்து பார்த்துத் திருத்தவும் முடிந்தது. இது சின்ன விஷயம் அல்ல.

ஆனாலும் சிலரிடம் நேரம் தாவிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் பல சிப்புகளைச் சோதித்ததில், சிலவற்றில் கடைசி 9 பிட்டுகள் மட்டுமே கெட்டு, பத்தாவது பிட் சரியாக இருப்பது தெரிந்தது. 2021-இல் அந்தப் 10 என்பது 9 ஆனது. 1024 எண்களில் 2 மட்டும் சந்தேகப் பட்டியலில் இருந்தது போய், இப்போது 512-க்கு 2. மறுபடி படிக்கும் வேலை இரட்டிப்பானாலும், விட்டுப்போன அந்தத் தாவல்கள் இப்போது வலையில் விழுகின்றன.