தொழுகையின் நோக்கமும் நிலைகளும்

பக்கத்து வீட்டு முஸ்லிம் அன்பர் தொழுவதைத் தோட்டப்புறத்தில் நம்மில் பலர் பார்த்திருப்போம். நிற்கிறார், குனிகிறார், நெற்றி தரையில் படியப் பணிகிறார், அமர்கிறார். 'இது ஒருவகை உடற்பயிற்சியோ?' என்று கேட்பவர்களும் உண்டு. உடலுக்கு அசைவு கிடைப்பது உண்மைதான். ஆனால், அது நோக்கமன்று. இறைவனை மறவாதிருப்பதும், அந்த நினைவால் தீய செயல்களிலிருந்து விலகி நிற்பதுமே தொழுகையின் நோக்கம் என்பது திருக்குர்ஆனின் போதனை.

கிழக்கு வெளுத்ததும் சுபுஹு, உச்சி சாய்ந்ததும் லுஹர், பிற்பகலில் அஸர், சூரியன் மறைந்ததும் மஃரிப், இரவில் இஷா என நாளொன்றுக்கு ஐந்து வேளைத் தொழுகை கடமையாகும். பால்மரம் வெட்டி வீடு திரும்பியவர், முகமும் கைகால்களும் கழுவி, ஈரக் கையால் தலையைத் தடவி 'ஒளு' செய்துகொண்ட பிறகே தொழ நிற்பார்.

அவர் நோக்கும் திசை மக்காவிலுள்ள கஅபா. நம் நாட்டிலிருந்து அது மேற்கில், சற்றே வடக்குச் சாய்வாக உள்ளது. இரு கைகளையும் உயர்த்தி, 'இறைவனே மிகப் பெரியவன்' என்னும் பொருள்படும் தக்பீரைச் சொல்லித் தொடங்குகிறார். அப்போதே உலகப் பேச்சு நின்றுவிடுகிறது. கைகளைக் கட்டி நின்று திருமறை வசனங்களை ஓதுகிறார். முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிவது ருகூஉ. நிமிர்ந்து நின்றபின் தரையில் பணிவது சுஜூது. நெற்றி, இரு உள்ளங்கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள் ஆகிய ஏழு உறுப்புகளும் அப்போது நிலத்தில் படிய வேண்டும். நெற்றியோடு மூக்கும் படியும். மனிதன் உயர்வாக எண்ணும் தலை மண்ணைத் தொடும் இந்நிலையில்தான் அடியான் இறைவனுக்கு மிக நெருங்கியிருக்கிறான் என்று நபிகள் நாயகம் அறிவித்தார்.

இவ்வாறு ஒரு சுற்று முடிவது ஒரு ரக்அத். ஐவேளைக் கடமைத் தொழுகைகளில் முறையே 2, 4, 4, 3, 4 என மொத்தம் 17 ரக்அத்துகள். ஒவ்வொன்றிலும் இரண்டு சுஜூது; ஆக, நாளொன்றுக்கு 34 முறை நெற்றி நிலத்தில் படிகிறது. இறுதியில் அமர்ந்து, வலமும் இடமும் முகம் திருப்பி ஸலாம் கூறி முடிக்கிறார்.

செம்பனைக் குலை அறுத்து அறுத்தே இடுப்பு விழுந்த பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். அவர் நாற்காலியில் அமர்ந்து தொழுததைக் கண்டு பிள்ளைகள் சிரித்தார்கள். 'என் தொழுகை பாதித் தொழுகையோ?' என்று அவரும் கலங்கினார். கலங்க வேண்டியதில்லை. நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்பது நபிகளாரின் வழிகாட்டல். குனிய முடியாதவருக்குத் தலையசைவே போதும். உடல் வளைவதற்கு எல்லை உண்டு. உள்ளம் பணிவதற்கு எல்லை இல்லை.

எனவே, தொழுபவரின் குறுக்கே நடவாதிருக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். கூப்பிட்டதும் அவர் பதில் தராவிட்டால் அதை அவமதிப்பாக எண்ண வேண்டாம். ஸலாம் கொடுக்கும்வரை பொறுத்திருப்போம். அந்தச் சில நிமிடங்களுக்கு வானொலியின் ஓசையையும் சற்றுக் குறைத்து வைப்போம்!