பெயர் போடாத பக்கங்கள் – 11: படித்தது ஆங்கிலம், எழுதியது கம்ப்யூட்டர்

சென்ற வாரம் கிரேஸ் ஹாப்பரை ஹார்வர்டு சோதனைக்கூடத்தில் விட்டோம். தனக்குப் புத்தகமெல்லாம் எழுத வராது என்று அவர் நழுவப் பார்த்ததும், கடற்படையில் சேர்ந்தபிறகு அப்படிச் சொல்ல முடியாது என்று அவருடைய மேலதிகாரி ஹோவர்ட் ஐக்கன் வாயை அடைத்ததும், அதன் பலனாக 1946-ல் மார்க் 1 கம்ப்யூட்டருக்கு ஐந்நூறு பக்கத்தைத் தாண்டிய கையேடு ஒன்று வந்ததும் நினைவிருக்கலாம். ஹாப்பருக்குப் பின்னாளில் அட்மிரல் பதவி வந்தது, ஒரு போர்க்கப்பலுக்கே அவர் பெயரை வைத்தார்கள். இந்த வாரம் வருகிறவருக்குக் கிடைத்ததெல்லாம் எழுபது வயதுக்கு மேல்தான் கிடைத்தது.

1967, பிலடெல்ஃபியா. ஜீன் பார்ட்டிக்குக்கு வயது 42. மூன்று பிள்ளைகள். அடுத்த ஆண்டுக்குள் விவாகரத்தே முடிந்துவிடப் போகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அந்த ஆண்டுதான் எம்.ஏ. முடித்திருக்கிறார். பாடம் ஆங்கிலம். இந்த வயதில் அதைப் படித்து என்னத்தைக் கிழிக்கப் போகிறாய் என்று கேட்க, நம் ஊராக இருந்தால் மாமாக்களும் அத்தைகளும் வரிசையில் நிற்பார்கள். ஜீன் போய்ச் சேர்ந்தது ஆவர்பாக் என்ற கம்பெனியில். மினி கம்ப்யூட்டர்களைப் பற்றித் தொழில்நுட்ப அறிக்கை எழுதுவதும், மற்றவர்கள் எழுதியதைத் திருத்துவதும் வேலை.

ஆங்கில எம்.ஏ.வை நம்பி யார் இந்த வேலையைக் கொடுத்தார்கள் என்று கேட்டால், 22 வருடம் பின்னால் போக வேண்டும்.

மிசௌரி மாநிலத்தில் அலந்தஸ் குரோவ் என்ற சின்ன ஊர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம். ஏழு பிள்ளைகளில் ஆறாவது ஜீன். அருகிலிருந்த ஆசிரியர் கல்லூரியில் கணிதம் படித்து 1945-ல் வெளியே வந்தபோது, அங்கே கணிதத்தை முதன்மைப் பாடமாக எடுத்திருந்தவர் அவர் ஒருவர்தான். ஊரில் டீச்சர் வேலை காத்திருந்தது. அது பிடிக்காமல், கணிதம் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று ராணுவம் கேட்டிருந்த வேலைக்கு எழுதிப் போட்டார். வா என்று தந்தி வந்ததும் ராத்திரி ரயிலைப் பிடித்து பிலடெல்ஃபியா வந்தார்.

போர் நடந்துகொண்டிருந்த காலம். பீரங்கியை எந்தக் கோணத்தில் வைத்துச் சுட்டால் குண்டு எங்கே போய் விழும் என்று அட்டவணை போட வேண்டும். ஒரே ஒரு குண்டின் பாதையை மேசைக் கணக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு கையால் போட்டு முடிக்க முப்பது, நாற்பது மணி நேரம் ஆகும். இதைப் பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நாளில், புதிதாக உருவாகும் எனியாக் என்ற இயந்திரத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்து ஜீனும் நேர்காணலுக்குப் போனார். மின்சாரத்தைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று நேர்காணல் நடத்திய ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் கேட்டார். இயற்பியல் வகுப்பில் படித்த ஓம் விதியை ஜீன் ஒப்பிக்க ஆரம்பித்தார். அதை நான் கேட்கவில்லை, மின்சாரத்தைக் கண்டால் பயமா என்றுதான் கேட்டேன் என்றார் கோல்ட்ஸ்டைன். பயமில்லை என்றதும் வேலை கிடைத்தது.

அப்படிச் சேர்ந்த பெண்கள் ஆறு பேர். அவர்கள் கையில் கொடுக்கப்பட்டது ஒரு கட்டு வரைபடம். எனியாக்கில் 17,000-க்கும் மேற்பட்ட வால்வுகள், 40 பேனல்கள், 30 டன் எடை. அதைத் தொட்டுப் பார்க்கக்கூட ஆரம்பத்தில் அனுமதி இல்லை, ராணுவ ரகசியம். கையேடு என்று ஒன்று எழுதப்படவே இல்லை. இயந்திரத்தைப் பார்க்காமலே, பேனலுக்குப் பேனல் வரைபடத்தைப் படித்து, அது என்ன செய்யும் என்று தாங்களாகவே ஊகித்துக்கொள்ள வேண்டும். புரியாமல் விழித்துக்கொண்டிருந்த ஒரு நாள் அந்தப் பக்கம் ஜான் மாக்லி வந்தார். அந்த இயந்திரத்தை உருவாக்கிய இருவரில் ஒருவர். ஜீனும் பெட்டி ஸ்னைடரும் அவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு பேனல் எப்படி எண்களைக் கூட்டிச் சேர்க்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஒன்று பிடிபட்டதும் மற்றவையும் வசப்பட ஆரம்பித்தன. கடைசியில், கோளாறு எந்த வால்வில் என்பதுவரை சொல்கிற அளவுக்கு இயந்திரம் அவர்களுக்கு அத்துப்படி ஆனது.

பெட்டி ஸ்னைடரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இவரும் எழுத்துப் பக்கமிருந்து வந்தவர்தான். பென்சில்வேனியா பல்கலையில் கணிதம் படிக்கப் போன முதல் நாளே, வீட்டில் பிள்ளை வளர்க்கப் போகலாமே என்று பேராசிரியர் கேட்டிருக்கிறார். போதுமடா சாமி என்று இதழியலுக்கு மாறிப் பட்டம் வாங்கினார் பெட்டி. அந்தப் பேராசிரியர் எத்தனை பேரைக் கணிதத்திலிருந்து விரட்டினாரோ, இந்த ஒருவரை மட்டும் போர் திருப்பிக் கொண்டுவந்தது.

1946 பிப்ரவரி 15. எனியாக்கை ஊருக்குக் காட்டும் நாள். குண்டு பறந்து விழ 30 விநாடி ஆகிறதென்றால், அதன் பாதையை 20 விநாடியில் கணக்கிட்டுக் காட்டுவது திட்டம். புரோகிராம் எழுதியவர்கள் ஜீனும் பெட்டியும். இன்றைக்குப்போல விசைப்பலகையில் தட்டுகிற வேலை இல்லை. கனத்த கேபிள்களைப் பேனலிலிருந்து பேனலுக்கு இழுத்துச் சொருக வேண்டும், சுவிட்சுகளை எண் பார்த்துத் திருப்ப வேண்டும். முந்தின ராத்திரி எல்லாம் ஓடியது, ஒன்றைத் தவிர. குண்டு தரையைத் தொட்டபிறகும் கணக்கு நிற்கவில்லை. காகிதத்தில் குண்டு மண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தது. தேடித் தேடி அலுத்து வீட்டுக்குப் போனார்கள். காலையில் பெட்டி வந்தார், நேரே போய் ஆயிரக்கணக்கான சுவிட்சுகளில் ஒன்றைத் திருப்பினார். தூக்கத்தில் விடை வந்துவிட்டதாம். பெட்டி தூக்கத்தில் போடுகிற கணக்கை மற்றவர்கள் விழித்திருந்தும் போடமாட்டார்கள் என்று ஜீன் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

விழா பிரமாதமாக முடிந்தது. அன்றிரவு விருந்துக்கு அந்தப் பெண்களுக்கு அழைப்பில்லை. பிப்ரவரிக் குளிரில் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

எனியாக்குக்குக் கையேடு அந்த ஆண்டு ஜூனில்தான் வந்தது. எழுதியவர் அடேல் கோல்ட்ஸ்டைன், இன்னொரு பெண், நேர்காணல் நடத்திய ஹெர்மனின் மனைவி. ஆக, ஹார்வர்டில் ஹாப்பர், பிலடெல்ஃபியாவில் அடேல். இயந்திரம் கட்டிய பெருமை ஆண்களுக்கும், அதை விளக்கி எழுதும் வேலை பெண்களுக்கும் என்று பாகம் பிரிந்தது அந்த முதல் வருடத்திலேயே தொடங்கிவிட்டது. விளக்கி எழுதுவதைக் குமாஸ்தா வேலை என்று நினைத்தார்கள். ஒரு பொருளை முழுக்கப் புரிந்துகொள்ளாதவரால் அதற்குக் கையேடு எழுத முடியாது என்பது கையேடு எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த ஐந்து ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் ஜீன் அதிகம் சாதித்தது அப்போதுதான். புதுக் கணக்கு ஒவ்வொன்றுக்கும் ஒயரைப் பிடுங்கிச் சொருகும் கஷ்டம் தீர, கட்டளைகளை உள்ளேயே வைத்துக்கொள்ளும் இயந்திரமாக எனியாக்கை மாற்றிய வேலையில் ஒரு சிறு குழுவுக்குத் தலைமை தாங்கினார். பிறகு, எனியாக்கை உருவாக்கிய இருவரும் தொடங்கிய எக்கர்ட்–மாக்லி கம்பெனியில் பினாக், யூனிவாக் என்ற இரண்டு கம்ப்யூட்டர்களிலும் வேலை பார்த்தார். 1951-ல் யூனிவாக் வெளிவந்தபோது அந்தக் கம்பெனி ரெமிங்டன் ராண்ட் கைக்குப் போயிருந்தது. கணவர் வில்லியம் பார்ட்டிக்கும் அங்கேதான். கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் வேலை பார்ப்பதைப் பற்றிக் கம்பெனிக்கு ஒரு கொள்கை இருந்தது. ராஜினாமா செய்யச் சொல்லப்பட்டவர் ஜீன். கணவரை யாரும் கேட்கவில்லை. மூன்று வருடம் மாக்லிக்காக வீட்டிலிருந்தே அவ்வப்போது புரோகிராம் எழுதிக் கொடுத்தார். 1954-ல் மூத்த மகன் பிறந்ததும் அதுவும் நின்றது.

அங்கிருந்து 1967 வரை 13 வருடம். வேறு தொழிலில் 13 வருடம் விட்டுப் போனால் பழைய நாற்காலி காணாமல் போயிருக்கும். இந்தத் தொழிலில் கட்டடமே காணாமல் போயிருந்தது. வால்வு போய் டிரான்சிஸ்டர் வந்துவிட்டது. 1957-ல் ஃபோர்ட்ரான், 1960 வாக்கில் கோபால், 1964-ல் ஐ.பி.எம்.மின் சிஸ்டம் 360. ஒயர் சொருகி புரோகிராம் எழுதியவர் என்று போய் நின்றால், புதுப் பையன்கள் அருங்காட்சியகத்துக்கு வழி சொல்லியிருப்பார்கள். புரோகிராமர் வேலை கேட்டுப் போயிருந்தால் ஜீனுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பது எனக்குச் சந்தேகம்தான். எம்.ஏ. ஆங்கிலம் இங்கேதான் கைகொடுத்தது. இயந்திரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் பலர் இருந்தார்கள், தெளிவாக எழுதுபவர்களும் பலர் இருந்தார்கள். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம். ஆவர்பாக் கம்பெனியை நடத்திய ஐசக் ஆவர்பாக்கே முன்னாளில் எக்கர்ட்–மாக்லியில் இருந்தவர். ஜீனின் பழைய அனுபவம் உலகத்துக்குச் செல்லாக்காசாக இருந்தாலும் அந்த ஓர் இடத்தில் அதன் மதிப்பு தெரிந்திருக்கும்.

அறிக்கை எழுதுவது என்றால் என்ன வேலை? 1965-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன் பி.டி.பி. 8-ஐ 18,000 டாலருக்கு இறக்கியதிலிருந்து மினி கம்ப்யூட்டர் சந்தை சூடு பிடித்திருந்தது. லட்சக்கணக்கில் கொட்டி வாங்க வேண்டியிருந்த சாமானை ஆய்வுக்கூடமும் தொழிற்சாலையும் தனக்கென்று வாங்கலாம் என்ற நிலை. புதுப்புதுக் கம்பெனிகள் முளைத்தன. எல்லா விளம்பரமும் வேகம், மலிவு என்றே கூவின. 1969-ல் வந்த டேட்டா ஜெனரலின் நோவாவை எடுத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தில் விலை 3,995 டாலர். அதில் நினைவகம் கிடையாது. நினைவகம் இல்லாத கம்ப்யூட்டரை வைத்து என்ன செய்வது? அதையும் சேர்த்து உருப்படியாக வாங்கினால் விலை ஏறத்தாழ இரட்டிப்பு. வாங்குகிறவருக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு சொல்லுக்கு எத்தனை பிட், நினைவகத்தை ஒரு முறை எட்டிப் பார்க்க எத்தனை மைக்ரோ செகண்ட், கூடவே தரும் மென்பொருள் எது, பிரின்டருக்குத் தனிக் காசா என்று ஒவ்வொரு இயந்திரத்தையும் ஒரே அளவுகோலில் வைத்து எழுத வேண்டும். ஆவர்பாக் அறிக்கைகள் தைத்த புத்தகமாக வராமல், கோப்பில் மாட்டும் தனித்தனித் தாள்களாகச் சந்தாதாரர்களுக்குப் போகும். புதுத் தகவல் வந்தால் பழைய தாளைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டிக்கொள்ளலாம். கையேடு இல்லாமல் எனியாக்கைப் படித்தவருக்கு, கம்பெனிக்காரன் சொல்லாமல் விட்டதைக் கண்டுபிடிப்பது கைவந்த கலையாக இருந்திருக்க வேண்டும்.

எட்டு ஆண்டுகள் அங்கே இருந்தார். விவாகரத்துக்குப் பிறகு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் மாதாமாதம் சம்பளம் வருவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை, அந்த நிலையில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாதனைப் பெண்களைப் பற்றி எழுதும்போது நாம் இந்தச் சம்பளத்தை விட்டுவிடுகிறோம். ஆர்வம், லட்சியம் என்று எழுதிக் குவிக்கிறோம்.

பிறகு பல கம்பெனிகள். மேலாளர், எழுத்தாளர், எஞ்சினியர் என்று பொறுப்பு மாறி மாறி வந்தது. கடைசியாக இருந்தது டேட்டா டெசிஷன்ஸ் என்ற பதிப்பு நிறுவனம், அதுவும் கம்ப்யூட்டர் பற்றிய தகவல் தருவதுதான். 1986-ல் அது விற்கப்பட்டது, ஜீனின் வேலை போனது. வயது 61. ஊரெல்லாம் பர்சனல் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், முதல் புரோகிராமர்களில் ஒருவர் அந்தத் துறையைவிட்டே வெளியேறி, வீடு விற்றுத் தரும் ரியல் எஸ்டேட் ஏஜென்ட் ஆனார். அந்தத் தொழிலில் 25 ஆண்டுகள் இருந்தார். கம்ப்யூட்டர் துறையில் இருந்த மொத்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய குறைச்சல் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், 1980களின் நடுவில்தான் கேத்தி கிளைமன் என்ற ஹார்வர்டு மாணவி எனியாக் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்கள் யார் என்று கேட்டார். கிடைத்த பதில்: அவர்கள் மாடல்கள், குளிர்சாதனப் பெட்டி விளம்பரத்தில் பக்கத்தில் நிற்பார்களே, அதுபோல. மாணவி நம்பவில்லை. தேடிப் போய் அவர்களையே கண்டுபிடித்தார். 1997-ல் தொழில்நுட்பத்தில் பெண்களுக்கான சர்வதேச அமைப்பு ஒன்று ஆறு பேரையும் கௌரவித்தது. 2008-ல் கலிஃபோர்னியாவின் கம்ப்யூட்டர் வரலாற்று அருங்காட்சியகம் ஜீனைத் தன் ஃபெல்லோவாக்கியது. அந்த ஆண்டு அவரோடு அந்தக் கௌரவத்தைப் பெற்ற மற்ற இருவர், ஈதர்நெட்டைக் கண்டுபிடித்த பாப் மெட்காஃபும் லினக்ஸின் லினஸ் டோர்வால்ட்ஸும். 2011 மார்ச்சில், 86 வயதில் ஜீன் இறந்தார். ஊருக்கெல்லாம் அறிக்கை எழுதியவர் தன் கதையையும் எழுதிவைத்திருந்தார். அது 2013-ல்தான் அச்சேறியது. அட்டையில் இந்த முறை அவர் பெயர் இருந்தது.

அடுத்த வாரம், விவாகரத்தாகி ஒரு மகனோடு டல்லஸ் வங்கியில் செக்ரட்டரி வேலை பார்த்த பெட் நெஸ்மித். டைப் அடித்ததில் விழும் பிழையை மறைக்க அவர் வீட்டில் கலக்கிய வெள்ளைப் பூச்சின் கம்பெனியை 1979-ல் ஜில்லெட் 4.75 கோடி டாலருக்கு வாங்கியது.

(தொடரும்)