யாரும் பார்க்காத எழுத்துக்கு ஒரு பொதுக் குறிச்சொல்

கம்பம், உத்தமபாளையம், தேனி, பெரியகுளம் பகுதிகளில் நம் பிள்ளைகள் இணையத்தில் நிறைய எழுதுகிறார்கள். அத்தா வளைகுடாவில் இருக்கும் வீட்டின் பெருநாள், பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி காய்ச்சும் அதிகாலை வேலை, முல்லைப் பெரியாறு தண்ணீருக்குக் காத்திருக்கும் வயல் என்று வெளியூர்க்காரரால் எழுத முடியாத விஷயங்கள். ஆனால் வாசிப்பவர் பத்துப் பேர், அதில் ஏழு பேர் சொந்தக்காரர்கள். சில மாதங்களில் எழுத்து நின்றுவிடுகிறது.

இதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு: பொதுக் குறிச்சொல், அதாவது ஹேஷ்டேக். ஒரு சொல்லுக்கு முன்னால் # போட்டால் அது இணைப்பாக மாறும். தொட்டால் அதே சொல்லைப் போட்ட எல்லோருடைய பதிவுகளும் ஓரிடத்தில் வரும். 2007 ஆகஸ்டில் கிறிஸ் மெஸினா என்பவர் ட்விட்டரில் முன்வைத்த யோசனை இது. பிரபலமான ஒருவரும் புதியவர் ஒருவரும் ஒரே சொல்லைப் போட்டால், பிரபலமானவரைத் தேடி வந்தவர் புதியவரையும் பார்த்துவிட்டுப் போவார்.

தமிழில் இந்த எண்ணம் பழையதுதான். 2004-ல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, சிதறிக் கிடந்த வலைப்பதிவுகளை ஒரே பக்கத்தில் காட்டியது. வாரம் ஒரு பதிவரை 'நட்சத்திரம்' என்று முன்னே நிறுத்தியது. அதற்கு ஒரு தளமும் நடத்த ஆட்களும் வேண்டியிருந்தது. குறிச்சொல்லுக்கு நாலு பேர் பேசி வைத்துக்கொண்டால் போதும். 2011 தொடக்கத்தில், தமிழக மீனவர்கள் கொல்லப்படுவதைக் கண்டித்து ட்விட்டரில் தமிழர்கள் 'டிஎன்ஃபிஷர்மேன்' என்ற ஒரே சொல்லின் கீழ் எழுதினார்கள். தனித்தனியாக எழுதியிருந்தால் காற்றோடு போயிருக்கும்.

சொல்லைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெறும் 'கம்பம்' என்று போட்டால் மின்கம்பம் சாய்ந்த செய்தியும் வந்து நிற்கும். ஆங்கிலத்தில் போட்டாலும் தப்பிக்க முடியாது, ஆந்திராவிலும் அதே எழுத்துகளில் ஓர் ஊர் இருக்கிறது. உத்தமபாளையத்தை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ஒவ்வொரு விதமும் தனி அறை, ஓர் அறையில் இருப்பவர் மற்ற அறைக்காரரைப் பார்க்க மாட்டார். நடுவில் இடைவெளி விட்டால் முதல் சொல்லோடு அறுந்துவிடும். #கம்பம்பள்ளத்தாக்கு என்று சேர்த்து, எல்லோரும் ஒரே மாதிரி எழுத வேண்டும்.

போட்டுவிட்டுப் போனாலும் பயனில்லை. சில செயலிகள் புதிய பதிவைப் பின்னுக்குத் தள்ளி, அதிகம் பேர் கருத்து எழுதியதையே முன்னே காட்டுகின்றன. அதனால் குழுவில் இருப்பவர்கள் ஒருவர் பதிவை ஒருவர் உண்மையாகவே வாசித்து இரண்டு வரி எழுத வேண்டும். ஊரில் ஏற்கெனவே பெயர் பெற்றவர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள் போன்றவர்கள், தங்கள் பதிவிலும் அந்தச் சொல்லைச் சேர்த்தால்தான் இளையவர்களுக்கு வாசகர் வருவார்கள். அவர்களுக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை.

மகளின் பெயரும் படமும் வெளியே போவதை விரும்பாத வீடுகள் நம்மிடம் உண்டு. குறிச்சொல் முகத்தைக் கேட்பதில்லை, புனைபெயரே போதும். தெரு, பள்ளிக்கூடம், வீட்டு அடையாளம் எதையும் பதிவில் சேர்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அந்தப் பக்கத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்குச் சட்டம் காவல் நிற்கிறது. குறிச்சொல்லுக்குக் காவல் கிடையாது. 2020-ல் டெல்லி தப்லீக் கூட்டத்தைச் சாக்காக வைத்து 'கொரோனா ஜிஹாத்' என்ற குறிச்சொல்லை நாடெங்கும் பரப்பினார்கள். வெறுப்பு ஒரே சொல்லின் கீழ் திரண்டு நின்றது. நம் வீடுகளின் உண்மைக் கதைகளோ ஆளுக்கொரு மூலையில் கிடந்தன.

வருகிற ரமலானில் ஐந்தாறு பேர் சேர்ந்து தொடங்கிப் பாருங்கள். வாரம் ஆளுக்கு ஒரு பதிவு வந்தாலே, அந்தச் சொல்லைத் தொடுகிறவர் வெறும் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டார்.